கையில் கயிறு, தலையில் 'கட்டிங்': மாணவர்களின் ஸ்டைல் நமக்கு என்ன சொல்கிறது?

ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளிகள் திறக்கும்போது இரண்டு விஷயங்கள் தவறாமல் பேச்சுக்கு வரும். ஒன்று, பசங்க தலைமுடி. இன்னொன்று, கையில் கட்டியிருக்கும் கயிறு. 'இந்தக் காலத்துப் பசங்க' என்று தொடங்கும் எந்தப் பேச்சும் இந்த இரண்டில் ஒன்றைத் தொடாமல் முடியாது.

தலைமுடிக்கு உடனே நடவடிக்கை இருக்கும். ஊரில் உள்ள சலூன் கடைக்காரர்களிடம், 'மாணவர்களுக்கு ஸ்பைக், ஒன் சைடு, பாக்ஸ் கட்டிங் வெட்ட வேண்டாம்' என்று தலைமை ஆசிரியரே போய்ச் சொல்லிவிட்டு வருவார். சில பள்ளிகளில் முடிதிருத்துபவரைப் பள்ளிக்கே வரவழைத்து வெட்டிவிடுவதும் உண்டு. அதைப் பாராட்டி வீடியோக்களும் பரவும்.

கயிறு விஷயத்தில் அப்படி இல்லை. 'அது சாமி கயிறுப்பா, விடு' என்று முடிந்துவிடும்.

ஆனால் கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் உயிர் போகும் அளவுக்கு மோதலில் கொண்டுபோய் விட்டது கயிறுதான், தலைமுடி அல்ல. அப்படியிருக்க, முடிக்கு இவ்வளவு கோபமும் கயிறுக்கு இவ்வளவு பொறுமையும் ஏன்? பசங்களின் ஸ்டைல் பற்றிப் பேசும்போது நாம் உண்மையில் எதைப் பற்றிப் பேசுகிறோம்? விரிவாகப் பார்க்கலாம்.

கயிறு விவகாரம்: இதுவரை நடந்தது என்ன?

திருநெல்வேலி, தூத்துக்குடி உள்ளிட்ட தென் மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் சாதிவாரியாக வண்ணக் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்ற செய்தி, கிட்டத்தட்ட பத்து ஆண்டுகளுக்கு முன்பே வெளிவரத் தொடங்கிவிட்டது. எந்த நிறம் எந்தச் சாதிக்கு என்ற பட்டியல் இங்கே தேவையில்லை. அதைப் பரப்புவதும் அந்தக் கயிறு செய்யும் வேலையைத்தான் செய்யும்.

2019: பயிற்சி ஐஏஎஸ் அதிகாரிகள் சிலர் இதைக் கவனித்து அரசின் பார்வைக்குக் கொண்டுவந்தனர். அதன் அடிப்படையில் பள்ளிக் கல்வித்துறை இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி எனப் பல நிறங்களில் கயிறு கட்டும் வழக்கம் எந்தெந்தப் பள்ளிகளில் இருக்கிறது என்று கண்டறிந்து தடுக்கச் சொன்னது அந்தச் சுற்றறிக்கை. விளையாட்டு அணிக்கு ஆள் எடுப்பதில் இருந்து, இடைவேளையில் யார் யாரோடு சேர வேண்டும் என்பது வரை இந்த அடையாளம் பயன்படுகிறது என்பதும் அதில் இருந்தது. மத அடையாளத்தில் கை வைப்பதாக உடனே எதிர்ப்பு கிளம்பியது. தனக்குத் தெரியாமல் சுற்றறிக்கை போய்விட்டது, பழைய நடைமுறையே தொடரும் என்று அப்போதைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன் விளக்கம் சொன்னார். விஷயம் அத்தோடு அமுங்கிப் போனது.

2022 ஏப்ரல்: அம்பாசமுத்திரம் அருகே ஓர் அரசுப் பள்ளியில் கயிறு கட்டுவது தொடர்பாக மாணவர்களுக்குள் மோதல். அதில் காயமடைந்த பிளஸ் 2 மாணவர் சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்.

2023 ஆகஸ்ட் 9: நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் 2 மாணவர், வீடு புகுந்து அரிவாளால் வெட்டப்பட்டார். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. வெட்டியதாகப் பிடிபட்டவர்கள் வெளியாட்கள் இல்லை, கூடப் படித்த மாணவர்கள். தமிழ்நாடே அதிர்ந்தது.

இதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூனில் அந்தக் குழு முதலமைச்சர் ஸ்டாலினிடம் அறிக்கையைக் கொடுத்தது.

சந்துரு குழு என்ன சொன்னது?

அறிக்கையில் பரிந்துரைகள் நிறைய. மாணவர்களின் தோற்றம் சம்பந்தப்பட்டவை இவை:

- கையில் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றியில் சாதியைக் காட்டும் பொட்டு ஆகியவற்றுக்குத் தடை.
- சாதியைக் குறிக்கும் வண்ணம் பூசிய சைக்கிளில் பள்ளிக்கு வரக் கூடாது.

ஆனால் அறிக்கை மாணவர்களோடு நிற்கவில்லை. பெரியவர்கள் பக்கமும் திரும்பியது:

- பள்ளிகளின் பெயரில் இருக்கும் சாதிப் பெயர்களை நீக்க வேண்டும்.
- ஆசிரியர்களையும் கல்வி அதிகாரிகளையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடமாற்றம் செய்ய வேண்டும்.
- ஒரு பகுதியில் பெரும்பான்மையாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரையே அங்கே தலைமை ஆசிரியராகவும் கல்வி அதிகாரியாகவும் போடக் கூடாது.
- வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி இருக்கக் கூடாது.

இரண்டு பட்டியலையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும். பையன் கையில் இருக்கும் கயிறு கடைசிக் கண்ணி மட்டும்தான். அதற்கு முன்னால் பள்ளிப் பெயர்ப் பலகை இருக்கிறது, பதிவேடு இருக்கிறது, ஊரில் நடக்கும் குருபூஜை ஃப்ளெக்ஸ் இருக்கிறது, பஸ்ஸில் ஒலிக்கும் சாதிப் பெருமைப் பாட்டு இருக்கிறது. பையன் அதை எல்லாம் சுருக்கிக் கையில் கட்டிக்கொள்கிறான், அவ்வளவுதான்.

அறிக்கை வந்ததும் விவாதம் எங்கே போனது என்று பார்த்தால், பெரும்பாலும் பொட்டும் கயிறும்தான். மத உரிமையில் தலையிடுவதாக பாஜக கடுமையாக எதிர்த்தது. ஆசிரியர் இடமாற்றம், பதிவேடு பற்றியெல்லாம் டிவி விவாதங்களில் அவ்வளவாகப் பேச்சு இல்லை.

'சாமி கயிறு'க்கும் 'சாதிக் கயிறு'க்கும் என்ன வித்தியாசம்?

இதுதான் ஆசிரியர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. திருப்பதி போய்வந்த கயிறு இருக்கும், குலதெய்வக் கோயில் கயிறு இருக்கும், தர்கா கயிறு இருக்கும், அம்மா பயந்துபோய்க் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு இருக்கும். எல்லாம் பார்க்க ஒரே மாதிரி நூல்தான். எதைக் கழற்றச் சொல்வது?

கயிறைப் பார்த்தால் பதில் கிடைக்காது. அது செய்யும் வேலையைப் பார்த்தால்தான் கிடைக்கும். கோயில் கயிறு கட்டியவருக்கும் அவர் நம்பிக்கைக்கும் இடையிலான விஷயம். பக்கத்து பெஞ்சில் இருப்பவர் என்ன நிறம் கட்டியிருக்கிறார் என்பது அதற்குத் தேவையே இல்லை. சாதிக் கயிறு அப்படி இல்லை. 'நீ யார்?' என்று கேட்காமலே தெரிந்துகொள்ளவும், 'நான் யார் தெரியும்ல?' என்று சொல்லாமலே சொல்லவும் கட்டுவது. எதிரில் ஒருவர் இருந்தால்தான் அதற்கு அர்த்தமே.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. கழற்றினால் என்ன ஆகும்? கோயில் கயிறைக் கழற்றினால் வீட்டில் அம்மா திட்டுவார். சாதிக் கயிறைக் கழற்றினால் கூட இருக்கும் பசங்களே, 'ஏன், பயந்துட்டியா?' என்று கேட்பார்கள். கட்டாதவனுக்குக் கூட்டத்தில் இடம் இல்லை என்றால், அது அவனாகத் தேர்ந்தெடுத்த ஸ்டைல் இல்லை. யூனிஃபார்முக்கு மேலே போட்ட இன்னொரு யூனிஃபார்ம்.

ஆனால் இதை ஒரு வகுப்பில் 50 பேரிடம் தனித்தனியாகக் கேட்டுப் பிரிக்க முடியாது. அதனால்தான் 'எல்லாக் கயிறும் வேண்டாம்' என்ற முடிவுக்குக் குழு போனது என்று ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். 'நம்பிக்கையோடு கட்டியவரும் சேர்ந்து பாதிக்கப்படுகிறாரே' என்பது எதிர்ப்பவர்களின் வாதம். இரண்டிலும் விஷயம் இருக்கிறது. கயிறை மட்டும் தடை செய்துவிட்டு மற்றப் பரிந்துரைகளை விட்டுவிட்டால், பாதிப்பு மட்டும் மிஞ்சும், பலன் மிஞ்சாது.

ஏனென்றால் அடையாளம் இடம் மாறும். கயிறு போனால் சைக்கிள் பெயின்ட், அது போனால் செயின் டாலர், அதுவும் போனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டா பயோ. பள்ளி கேட்டில் நின்று கையைச் சோதிக்கலாம். செல்போனுக்குள் இருக்கும் கயிறை யார் சோதிப்பது?

சரி, தலைமுடி மேல் ஏன் இவ்வளவு கோபம்?

இங்கே 'புள்ளிங்கோ' கதைக்கு வர வேண்டும். 'புள்ளைங்க' என்பதன் சென்னை வழக்குதான் இந்தச் சொல். ஒரு கானா பாட்டு மூலம் மாநிலம் முழுக்கப் பரவியது. கலர் அடித்த முடி, பக்கத்தில் ஒட்ட வெட்டி மேலே தூக்கிவிட்ட ஸ்டைல், டைட் பேன்ட், பைக். தங்களைத் தாங்களே ஜாலியாக அழைத்துக்கொண்ட பெயர், சில மாதங்களிலேயே மீம்களில் வசைச் சொல்லாக மாறிவிட்டது. இன்று யாராவது 'புள்ளிங்கோ மாதிரி இருக்கான்' என்றால், சொல்பவர் முடியை மட்டும் சொல்வதில்லை. எந்த ஏரியா, என்ன வேலை, என்ன படிப்பு, ஏன், என்ன சாதி என்பதையும் சேர்த்தே ஊகிக்கிறார்.

ஒரு சின்ன ஒப்பீடு போதும். நுங்கம்பாக்கத்தில் ஏசி சலூனில் முடிக்கு நிறம் ஏற்றினால் அதன் பெயர் 'ஹைலைட்ஸ்'. வியாசர்பாடியில் தெருமுனைக் கடையில் ஏற்றினால் 'புள்ளிங்கோ'. கிரிக்கெட் வீரர் ஃபேட் கட்டிங்கில் வந்தால் 'நியூ லுக்'. அதையே பிளஸ் 1 பையன் வெட்டிக்கொண்டு வந்தால் 'உருப்பட மாட்டான்'. மாறுவது முடி இல்லை. முடிக்குக் கீழே இருக்கும் ஆள்.

அப்புறம், ஏன் முடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கும் எளிமையான காரணம் உண்டு. சத்துணவு சாப்பிடும் 1 முதல் 8-ம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு ஆண்டுக்கு 4 செட் சீருடை கொடுக்கிறது. எல்லோரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஏழை பணக்காரன், சாதி வித்தியாசம் தெரியக் கூடாது என்பதுதான் காமராஜர் காலத்தில் இருந்தே சீருடைக்குச் சொல்லப்படும் நியாயம். நல்ல நியாயம்தான். ஆனால் 15 வயதில் 'நான் தனி ஆள்' என்று காட்ட வேண்டும் என்ற ஆசை வரும். பிராண்டட் ஷூ வாங்கக் காசு இல்லாத பையனிடம் அதற்கு மிச்சம் இருப்பது அவன் தலை ஒன்றுதான். சட்டை மாற்ற முடியாது, முடியை மாற்றலாம். செலவும் கம்மி.

தனியார் பள்ளிகளிலும் கட்டுப்பாடு உண்டு, இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே வித்தியாசத்தைக் காட்ட வாட்ச் இருக்கிறது, பேக் இருக்கிறது, இறக்கிவிட வரும் கார் இருக்கிறது. அவற்றை யாரும் 'ஒழுக்கக் கேடு' என்று சொல்வதில்லை.

உடை மீதான கோபம் புதுசா?

இல்லை. இந்த மண்ணில் உடைக்காக நடந்த சண்டைக்கு 200 ஆண்டு வரலாறு இருக்கிறது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய பழைய திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. அதை எதிர்த்து 19-ம் நூற்றாண்டில் பல கட்டங்களாக நடந்ததுதான் தோள்சீலைப் போராட்டம். சந்தையில், தெருவில் பெண்களின் உடை கிழிக்கப்பட்டது, வீடுகள் எரிக்கப்பட்டன. கடைசியில் 1859 ஜூலையில் மன்னர் அனுமதி கொடுத்தார். அதிலும் ஒரு நிபந்தனை: உயர்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது! அதாவது, உடுத்திக்கொள்ளலாம், ஆனால் வித்தியாசம் தெரிய வேண்டும். துணிக்காக நடந்த சண்டை என்று சொல்லப்பட்டாலும், பிரச்சினை துணி இல்லை என்பதை அந்த ஒரு நிபந்தனையே சொல்லிவிடுகிறது.

இந்த வரலாறு சிபிஎஸ்இ 9-ம் வகுப்புப் பாடத்தில் இருந்தது. சர்ச்சைக்குப் பிறகு, அந்தப் பகுதியில் இருந்து தேர்வில் கேள்வி வராது என்று 2016 டிசம்பரில் வாரியம் அறிவித்தது.

இது பழைய கதை என்று விட்டுவிடவும் முடியாது. 2012-ல் தருமபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்ட காலத்தில், பட்டியல் சாதி இளைஞர்கள் ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு மற்றச் சாதிப் பெண்களைக் கவர்கிறார்கள் என்ற குற்றச்சாட்டைப் பாமக நிறுவனர் ராமதாஸ் முன்வைத்தார். பெரிய சர்ச்சையானது. ஜீன்ஸ் எல்லோரும் போடுவதுதான். யார் போடுகிறார் என்பதுதான் அங்கே கேள்வியானது.

குஜராத்தில் 2017-ல் மீசை வைத்ததற்காகப் பட்டியல் சாதி இளைஞர்கள் தாக்கப்பட்டதாகப் புகார் வந்தபோது, நூற்றுக்கணக்கானோர் மீசைப் படத்தையே வாட்ஸ்அப் புரொஃபைலாக வைத்து பதில் சொன்னார்கள். 2023-ல் அதே மாநிலத்தின் பனஸ்கந்தா மாவட்டத்தில், நல்ல உடையும் கூலிங் கிளாஸும் போட்டதற்காக ஒருவர் தாக்கப்பட்டதாக வழக்குப் பதிவானது. 2025 பிப்ரவரியில் நம்ம சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் ஓட்டியதற்காகக் கல்லூரி மாணவரின் கை வெட்டப்பட்டதாகக் குடும்பத்தினர் புகார் சொன்னார்கள்.

சட்டமே இதைக் கணக்கில் எடுத்திருக்கிறது. எஸ்சி, எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தத்தில், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையோ, செருப்பு அணிவதையோ, புத்தாடை உடுத்துவதையோ தடுப்பது குற்றம் என்று தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. புதுச்சட்டை போடுவதைப் பாதுகாக்க ஒரு நாட்டுக்குச் சட்டம் தேவைப்படுகிறது என்றால், சட்டை வெறும் சட்டை இல்லை என்றுதானே அர்த்தம்?

வேட்டிக்கும் இதே கதைதான்

'உடைக் கட்டுப்பாடு ஏழைகளுக்கு மட்டும்தான்' என்று நினைக்க வேண்டாம். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்க கிளப்பில் நடந்த நிகழ்ச்சிக்கு வேட்டியோடு போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனையே உள்ளே விடவில்லை. விவகாரம் சட்டமன்றம் வரை போனது. அடுத்த மாதமே, வேட்டி கட்டியவரைப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்று தமிழ்நாடு அரசு சட்டம் கொண்டுவந்தது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25 ஆயிரம் ரூபாய் அபராதம்.

கவனிக்க வேண்டியது, நீதிபதிக்கு நடந்ததும் ஒரு மாதத்தில் சட்டம் வந்தது. முடிக்காக வகுப்புக்கு வெளியே நிறுத்தப்படும் பையனுக்குக் குரல் கொடுக்க எந்தச் சட்டமன்றமும் கூடுவதில்லை.

மாணவிகள் நிலை என்ன?

பசங்களைப் பற்றிப் பேசும்போது மாணவிகள் கணக்கிலேயே வருவதில்லை. காரணம், அவர்களுக்குக் கட்டுப்பாடு எப்போதோ முழுசாக வந்துவிட்டது. இரட்டைச் சடை, ரிப்பன், பின் குத்திய துப்பட்டா, இப்போது சீருடைக்கு மேல் ஓவர்கோட். பையன் முடியை வெட்டச் சொல்வதற்கு 'ஒழுக்கம்' என்று பெயர். பெண் பிள்ளையை மூடச் சொல்வதற்கு 'பாதுகாப்பு' என்று பெயர். பையன் தப்பு செய்துவிடுவான் என்ற சந்தேகத்தில் அவனுக்கு விதி போடுகிறோம். அவளுக்குப் போடும் விதி, அவளைப் பார்ப்பவன் தப்பு செய்துவிடுவான் என்ற பயத்தில் வந்தது.

தோற்றத்தை வைத்து ஆளை முடிவு செய்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் புளோரிடாவில் 2012 பிப்ரவரியில் ட்ரேவான் மார்ட்டின் என்ற 17 வயது கறுப்பினச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். கையில் ஆயுதம் இல்லை. கடைக்குப் போய்விட்டு, தலையை மூடும் ஹூடி போட்டுக்கொண்டு நடந்து வந்தான். சந்தேகத்துக்குரிய ஆள் என்று குடியிருப்புக் காவல் பணியில் இருந்தவர் நினைத்தார். அதன் பிறகு ஆயிரக்கணக்கானோர் ஹூடி போட்டுக்கொண்டு நியாயம் கேட்டு ஊர்வலம் போனார்கள்.

நம் ஊரில் துப்பாக்கி இல்லை. ஆனால் 'ஆளைப் பார்த்தாலே தெரியுது' என்ற வார்த்தை இருக்கிறது. பைக்கில் போகும்போது கலர் முடியைப் பார்த்து நிறுத்துவது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார யோசிப்பது, இன்டர்வியூவில் பேசுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுவது. சந்தேகத்தோடு பார்க்கப்பட்டே வளரும் பையன், மரியாதை கிடைக்கும் இடத்தைத் தேடித்தான் போவான். 'வாடா தம்பி, நம்ம ஆளுடா நீ' என்று தோளில் கை போட முதலில் வருபவர் யார்? பல ஊர்களில் அவர் சாதிச் சங்கத்து அண்ணன்தான். அவர் கையில் ஒரு கயிறும் இருக்கும்.

முடிக்கதையும் கயிற்றுக்கதையும் சேரும் இடம் இதுதான். தனி ஆளாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையை நாம் அவமானப்படுத்தி அனுப்பினால், கூட்டத்தில் ஒருவனாகப் பெருமை தருவதற்கு வெளியே ஆள் காத்திருக்கிறது.

ஜப்பானில் என்ன செய்தார்கள்?

முடி விஷயத்தில் நம்மைவிடக் கறாரான நாடு ஜப்பான். பிறவியிலேயே பழுப்பு முடி கொண்ட மாணவியைக் கறுப்புச் சாயம் அடிக்கச் சொல்லித் தொடர்ந்து நெருக்கியதாக, ஒசாகாவில் 2017-ல் வழக்கு போடப்பட்டது. 2021-ல் தீர்ப்பு. முடி விதி வைக்கப் பள்ளிக்கு உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. ஆனால் அந்த மாணவியின் பெயரை வகுப்புப் பட்டியலில் இருந்து எடுத்ததும், உட்காரும் மேசையை நீக்கியதும் சட்டவிரோதம் என்று சொல்லி, 3 லட்சத்து 30 ஆயிரம் யென் இழப்பீடு தர உத்தரவிட்டது.

நாடு முழுக்க விவாதம் கிளம்பியது. 2022 ஏப்ரல் முதல், டோக்கியோ மாநகர அரசுப் பள்ளிகளில் கட்டாயக் கறுப்புச் சாயம், பக்கவாட்டில் ஒட்ட வெட்டும் ஸ்டைலுக்குத் தடை போன்ற விதிகள் நீக்கப்பட்டன. விதியே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 'இந்த விதி எதற்கு?' என்று கேட்டு, பதில் இல்லாதவற்றை மட்டும் எடுத்தார்கள்.

நம் ஊரில் பெற்றோரும் ஆசிரியரும் என்ன செய்யலாம்?

பள்ளிக்கு விதி வேண்டாம் என்பது வாதம் இல்லை. எந்த விதி எதற்கு என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். சில எளிய வழிகள்:

1. இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். 'இதனால் பக்கத்தில் இருப்பவனுக்குப் பயமோ அவமானமோ வருமா?' என்ற ஒரே கேள்வி போதும். முடிக்கு 'இல்லை' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். சாதி அடையாளத்துக்கு 'ஆமாம்' என்று வரும். கோபம் எங்கே தேவை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

2. எல்லோர் முன்னாலும் முடி வெட்டாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 17-வது பிரிவு, குழந்தைக்கு உடல்ரீதியான தண்டனை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. வகுப்பறையில் கத்திரியோடு நிற்பதும் அதை வீடியோ எடுத்துப் போடுவதும் ஒழுக்கப் பாடம் ஆகாது.

3. கயிறைப் பார்த்தால் கதையைக் கேளுங்கள். 'யார் கட்டிவிட்டது? எப்போதிருந்து? கூட யார் யார் கட்டியிருக்காங்க?' அம்மா கட்டிவிட்டதா, அண்ணன்கள் கட்டிவிட்டதா என்பது பதிலிலேயே வந்துவிடும். திடீரென்று நண்பர்கள் வட்டம் ஒரே சாதியாகச் சுருங்கினால், அது கயிறைவிடப் பெரிய எச்சரிக்கை.

4. வீட்டில் என்ன பேசுகிறோம் என்பதையும் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் 'அவங்க ஆளுங்க' 'நம்ம ஆளுங்க' என்று பேசிவிட்டு, பையன் கையில் கயிறு இருந்தால் ஆச்சரியப்படுவதில் பொருள் இல்லை. காரின் பின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயர் ஸ்டிக்கரும் ஒரு கயிறுதான்.

5. விதி போடும்போது மாணவர்களையும் கூப்பிடுங்கள். முடி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று அவர்களோடு சேர்ந்து முடிவு செய்தால், அதைக் காப்பாற்றும் பொறுப்பும் அவர்களுக்கு வரும்.

6. பள்ளியில் சாதிரீதியான சீண்டல், மிரட்டல் இருந்தால் மறைக்காதீர்கள். பள்ளிக் கல்வித்துறையின் 14417 உதவி எண்ணிலும், குழந்தைகளுக்கான 1098 எண்ணிலும் பேசலாம்.

மொத்தத்தில்...

இளைஞர்களின் ஃபேஷன் சமூகத்தின் கண்ணாடி என்று சொல்வது வழக்கம். கண்ணாடியில் தெரிவது அவர்கள் மட்டும் இல்லை. கலர் முடியில் தெரிவது, 'என்னையும் ஒரு தடவை திரும்பிப் பாருங்க' என்ற ஆசை. அது இரண்டு மாதத்தில் வளர்ந்து, வெட்டி, மாறிவிடும். வேலைக்குப் போகும் நாளில் அவனே போய்ச் சாதாரணமாக வெட்டிக்கொள்வான். சாதிக் கயிறில் தெரிவது பெரியவர்கள் கொடுத்தது. அது தானாக உதிராது.

நீதிபதி சந்துரு குழு அறிக்கை அரசின் கையில் இருக்கிறது. அதில் மாணவர்கள் கழற்ற வேண்டியவை சில. பெயர்ப் பலகை, பதிவேடு, பதவி நியமனம் என்று பெரியவர்கள் கழற்ற வேண்டியவை பல. முதலாவதை மட்டும் செய்துவிட்டு இரண்டாவதைக் கிடப்பில் போட்டால், அடுத்த ஜூனில் பசங்க கையில் வேறு ஏதாவது இருக்கும்.